துணை ரத்தம்

என் வீட்டுக்காரருக்கு ஊசி என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஊரறியச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று இருபது வருஷமாகக் காத்திருந்தவள் நான்.

பயப்படுகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் இதன் ருசி தெரியும். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதில் வாழவந்தி நாட்டில் எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி முழுக்கச் சில்வர் ஓக் மரங்களில்தான் ஏற்றியிருக்கிறோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அந்த மரத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறி, உச்சியில் நின்று, கீழே நிற்கிற என்னிடம் மதியத்துக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பார். இரண்டு பலாப்பழங்களை இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டு மேடேறி வருவார். சட்டைக் கை அவர் புஜத்தில் ஏறாது. தையல்காரர் அவருக்கென்று கையைத் தனியாக அகலம் வைத்துத் தைப்பார்.

நானோ அவருடைய ஒரு கால் எடை இருப்பேன். எடப்புளி நாட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். இறைவணக்கத்துக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றால், பார்வையிட வருகிற அதிகாரி டீச்சர் எங்கே என்று கேட்பார்.

மிளகுக்கு ஏறுவதற்கு எங்கள் பக்கம் ஒற்றை மூங்கிலைத்தான் ஏணியாக வைத்துக்கொள்வோம். கணுவுக்குக் கணு கால் வைக்க ஒரு கட்டை விட்டிருக்கும், அவ்வளவுதான். அடியில் ஓர் ஆள் பிடித்துக்கொள்ளாமல் யாரும் அதில் ஏறுவதில்லை. பிடிக்கிற ஆள் முதலில் அடிக்கணுவில் தன் காலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஏணி நழுவவில்லை என்றால்தான் மற்றவர் ஏறலாம். கல்யாணமான வருஷத்திலிருந்து அவருக்கு ஏணி பிடித்தவள் நான்தான். என் எடைக்கு நழுவாத ஏணி அவர் எடைக்கும் நழுவாது என்று எந்தக் கணக்கில் நம்பினார் என்று தெரியவில்லை. ஆனால் நான் கால் வைக்காமல் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஆடி மாதத்துப் பண்டிகை முடிந்த மறுநாள், கீழே டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் சிலர், சந்தை கூடுகிற சோளக்காடு ஊரில் இலவச முகாம் போட்டார்கள். கண், சர்க்கரை, கிட்னி எல்லாம் பார்ப்பதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு ஒரு நோயும் இல்லை. சந்தைக்கு வாழைத்தார் கொண்டு போயிருந்தோம். கூட்டத்தைப் பார்த்ததும் இவர் வரிசையில் போய் நின்றுகொண்டார். இலவசமாக எதையாவது பார்க்கிறார்கள் என்றால் பார்க்க விடாமல் வருவது அவருக்குப் பிடிக்காது.

வரிசை நகர்ந்து நகர்ந்து அவர் முறை வந்தபோதுதான் அங்கே ஊசி இருப்பது அவருக்குத் தெரிந்தது. மூஞ்சி வெளுத்துப்போயிற்று. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி ஓடுவதற்கும் வழி இல்லை, பின்னால் பாதி ஊர் நிற்கிறது. அப்போது என்னை முன்னால் தள்ளிவிட்டு, அந்த நர்ஸ் பெண்ணிடம் சொன்னார்: "மொதல்ல அவளுக்கு எடுங்க. அப்பறம் எனக்கு எடுத்துக்கலாம்."

நர்ஸ் சிரித்தாள். நான் கையை நீட்டினேன். ஊசி ஏறியதையும், ரத்தம் வந்ததையும், நான் சாகாமல் இருந்ததையும் பக்கத்தில் நின்று சரிபார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் கையை நீட்டினார். ஏணி பிடிக்கிறவள்தானே முதலில் கால் வைக்க வேண்டும். அப்படித்தான் நான் துணைக்கு ரத்தம் கொடுக்கிறவள் ஆனேன்.

அடுத்த வாரம் அதே இடத்தில் ரிசல்ட் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் ஒருவர் இவருடைய காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கிரியாட்டினின் என்று ஒன்று ரத்தத்தில் ஏறியிருக்கிறதாம். அது உடம்பு கழிக்கிற கழிவு. கிட்னி நன்றாக இருந்தால் வெளியே தள்ளிவிடும். தள்ள முடியவில்லை என்றால் ரத்தத்திலேயே தங்கும். இவருக்குக் கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்றார். இப்படியே விட்டால் பிறகு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்றார். பிறகு என் காகிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, உங்கள் சம்சாரத்துக்குப் பாருங்கள், சின்னப் பெண்ணின் கிட்னி மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். அந்த நேரத்தில் பெருமைப்பட்டிருக்கக் கூடாது, ஆனாலும் பட்டேன்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகள் இரண்டும் ராசிபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தன. மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஏறி இந்த மனுஷனை எப்படிக் கூட்டிப்போவேன், இவர் இல்லாமல் போனால் நான் என்ன ஆவேன் என்று பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அவர் போய்விடுவார் என்றே முடிவு செய்துவிட்டேன். அழுகை வந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன பத்தியத்துக்காக அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. உப்பு பாதி. கறி மாதத்துக்கு ஒருமுறை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் கிடையாது. வாழைப்பழம் கூடாது, பலாப்பழம் கூடவே கூடாது. மரவள்ளிக் கிழங்கை நறுக்கி வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்துத்தான் தர வேண்டும். கொல்லிமலையில் இருந்துகொண்டு ஒருவன் வாழையும் பலாவும் சாப்பிடக் கூடாது என்றால் அவன் வேறு எங்கே போய் என்ன சாப்பிடுவான்? பலா பழுக்கிற மாதத்தில் காற்றை நிறுத்தி வைக்கவா முடியும்? வேலி தாண்டிப் பங்காளி தோட்டத்தில் போய் நாலு சுளை தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். நான் பக்கத்தில் போகக்கூட வேண்டாம், வாசலிலேயே தெரிந்துவிடும். கேட்டால், மரத்தடியில் நடந்து வந்தேன், வாசம் ஒட்டிக்கொண்டது என்பார்.

மற்றபடி நோயாளியாக இருப்பதில் மனுஷன் சீக்கிரமே தேறிவிட்டார். கட்டிலைக் காற்றோட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் கிட்னியைப் பற்றி, அதை நேரில் கண்டவர் மாதிரி பேசினார். வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தார்கள். சாப்பிடக் கூடாத பழம் வீடு நிறையத் தொங்கியது. மிளகு பறிக்க ஆள் வைத்தோம். அந்த ஆளுக்கும் ஏணி பிடிக்க நான்தான் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, இரண்டு குழம்பு வைத்து, ஒன்றில் உப்புப் போட்டதை மற்றதில் போட்டோமா என்று ருசி பார்த்து, படுப்பதற்குள் கால் இரண்டும் பொம்மென்று வீங்கிவிடும்.

எனக்கு அப்போது அடிக்கடி தலைவலி வரும். நாக்கில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி இருந்துகொண்டே இருக்கும். உப்பில்லாத சோற்றை ருசி பார்த்துப் பார்த்து நாக்கு செத்துவிட்டது என்று நினைத்தேன். சோளக்காட்டுக் கடையில் தலைவலி மாத்திரை அட்டை அட்டையாக வாங்கிப் பையில் வைத்திருப்பேன். வீட்டில் ஒரு நோயாளிக்குத்தான் இடம் இருந்தது, அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாமக்கல்லுக்குப் போய் ரத்தம் பார்த்துவர வேண்டும். இங்கேதான் என் மாமியார் வருகிறார். மகனுக்குக் கறியும் உப்பும் குறைத்ததில் அவருக்கு என்மேல் மனத்தாங்கல். ஆனால் டாக்டர் சொன்னதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். பால் கறக்கிற மாட்டுக்கே முதலில் தவிடு வைக்கிறோம், ரத்தத்தைக் கறக்கிற மனுஷனுக்கு ஒன்றும் வைக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. முந்தின நாளே ஆட்டுக்கறி வாங்கிவரச் சொல்லிவிடுவார். விடிவதற்கு முன் எழுந்து கறிக்குழம்பு, ஈரல் வறுவல், எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தப் பொரியல். எடுக்கப்போகிற ரத்தத்துக்கு ஈடாக அதே அளவு ரத்தம் முன்கூட்டியே உள்ளே போய்விட வேண்டும்.

"ஒரு நாளைக்குத்தான கண்ணு, தின்னுட்டுப் போ சாமி. ரத்தஞ் செத்துப்போன ஒடம்பாட்ட போயி நிக்காத" என்பார்.

இவரும் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளையாகத் தட்டை வழித்துச் சாப்பிடுவார். மூன்று மாதத்துப் பசியையும் அந்த ஒரு காலையில் தீர்த்துக்கொள்வார். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே போகிறோம், நல்ல ரத்தமாகக் கொண்டுபோனால் என்ன கெட்டுவிடும்? அறிவியல் பாடம் நடத்துகிற டீச்சர் நான். ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில் கிட்னி அரைப்பக்கம்தான்.

அவ்வளவு கறியோடு எழுபது வளைவிலும் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி இறங்குவார். வெறும் வயிற்றோடு வந்த நான் அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர்வதற்குள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோயிருப்பேன். நாமக்கல் லேபில் முதலில் என் கை, பிறகு அவர் கை. இந்த வரிசை மாறியதே இல்லை. சாயங்காலம் ரிசல்ட் வாங்கினால், பத்தியமாக இருந்தும் அவருடையது இறங்கியிருக்காது. போனதடவையைவிட ஏறியிருந்தாலும் ஏறியிருக்கும். என்னுடையது எப்போதும்போல அழகாக இருக்கும். நான் உப்பை இன்னும் குறைப்பேன். மாமியார் அடுத்த தடவைக்கு இன்னும் அரைக் கிலோ கறி சேர்த்து வாங்கச் சொல்லுவார். உனக்கென்ன, சின்னப் பெண்ணின் கிட்னி என்று இவர் என்னைக் குத்திக்காட்டுவார். ஊசிக்குப் பயந்தவருக்கு இந்தப் பேச்சு வேறா என்று நான் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் எதுவோ ஒன்று சரிந்துகொண்டேதான் வந்தது.

இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடியது. நாமக்கல் டாக்டர், இனி நான் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, சேலத்தில் கிட்னிக்கென்றே படித்த டாக்டர் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். மெஷினுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த முறை மாமியார் ஒரு ஆட்டுத் தொடையையே வாங்கிவரச் சொன்னார்.

சேலத்து டாக்டர் சின்ன வயசுப் பெண். பழைய காகிதங்களை வரிசையாக மேசைமேல் பரப்பிவைத்துப் பார்த்தார். பிறகு காகிதத்தை விட்டுவிட்டு இவருடைய கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இவர் அதையும் சொன்னார், ஒன்றுவிடாமல், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சாப்பிட்டுட்டு வருவீங்களா?"

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வர முடியுமா என்று இவர் திருப்பிக் கேட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் சாகக் கிடக்கிறார், இந்தம்மாவுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்தேன்.

பிறகு எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி அவர் விளக்கினார். இந்தக் கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. ஆள் கட்டுமஸ்தாக இருந்தால் அதிகம் வரும். வேகவைத்த கறியைத் தின்றுவிட்டு வந்தால் அதிலிருந்தும் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். ஆள் நிறைய இருக்கிற வீட்டு வாசலில் குப்பை நிறையக் கிடக்கிறது என்பதற்காகக் கூட்டுகிறவர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். இப்போது புதிதாக வேறொரு சோதனை வந்திருக்கிறதாம். சிஸ்டாட்டின் சி என்று ஒரு சின்னப் புரதம். உடம்பில் இருக்கிற எல்லாச் செல்லும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டே இருக்கும். ஆள் தடியா ஒல்லியா, கறி தின்றாரா கீரை தின்றாரா என்று அது பெரிதாகப் பார்ப்பதில்லை. கிட்னி நன்றாக இருந்தால் ரத்தத்தில் அது தங்காது. சேலத்தில் அதைப் பார்க்க வசதியில்லை, ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கறியே இல்லாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்றார்.

மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கறி தின்றால் கிட்னி கெட்ட மாதிரி தெரியுமாம், இது என்ன படிப்போ என்றார். ஆனாலும் அந்த வாரம் அடுப்பில் ஆட்டுக்கறி ஏறவில்லை. மகன் கிளம்புகிற காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேழ்வரகுக் களியை உருட்டி வைத்தார்.

சேலத்தில் ஊசியைப் பார்த்ததும் இவர் வழக்கம்போல என்னை முன்னால் தள்ளினார். லேபில் இருந்த பெண், ஐயாவுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றாள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளுக்கு எடுத்தால்தான் எனக்கு என்று பிடிவாதம். சத்தம் கேட்டு டாக்டரே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. சரி, அம்மாவின் ரத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், புதுச் சோதனை, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கிட்னியும் இருக்கட்டும் என்றார். நான் கையை நீட்டினேன்.

ரிசல்ட் வாங்கப் போன அன்றைக்கு டாக்டர் இரண்டு காகிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்கும், மற்றதிலிருந்து எங்கள் முகத்துக்கும் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தார். முதலில் இவரிடம் சொன்னார். உங்களுக்குக் கிட்னியில் ஒன்றுமே இல்லை, கறியில்லாமல் எடுத்ததில் பழைய சோதனையும் இறங்கியிருக்கிறது, பத்தியத்தை நிறுத்திவிடலாம், மரம் ஏறலாம்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, இந்தத் தடவை துடைக்கவில்லை. இவர் என் பக்கம் திரும்பி, பலாப்பழம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

டாக்டர் அடுத்த காகிதத்தை எடுத்தார். அம்மாவுக்குத்தான் அந்தப் புரதம் அதிகமாக இருக்கிறது என்றார். நல்ல அதிகம். நான் ஒல்லி, தசையே இல்லாத உடம்பு. அதனால் பழைய சோதனையில் கழிவு குறைவாகவே தெரிந்திருக்கும், கிட்னி கெட்டிருந்தாலும் கெட்டது தெரியாது என்றார். தலைவலி வருமா, கால் வீங்குமா, வாயில் ருசி எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் ஆமாம் என்றேன். ரெண்டு அடுப்பு வேலை என்று காரணமும் சொன்னேன்.

இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மாத்தி ஒட்டிட்டாங்கம்மா. ட்யூப்ல பேர மாத்தி ஒட்டிட்டாங்க. அது என்னோடதுங்க. நல்லாப் பாருங்க, அது எனக்குத்தானுங்க."

டாக்டர் பொறுமையாக ஏதோ சொன்னார். இவர் காதில் ஏறவில்லை. இரண்டு வருஷமாக எனக்குத்தான் வியாதி, அவளுக்கு எப்படி வரும், அவள் எந்நேரமும் நடமாடிக்கொண்டுதானே இருக்கிறாள் என்று வாதாடினார். கேஸை ஜெயித்தவன் தீர்ப்பைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. தனக்கு நோய் இல்லை என்றதும் பலாப்பழத்துக்கு மனசு தாவிய அதே ஆள், இப்போது அந்த நோயைத் தனக்கே தந்துவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய உடம்பு நடுங்குவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அறையில் ஊசி எதுவும் இல்லை.

டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும் போல. இன்னொரு தடவை எடுத்து அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். லேபுக்குப் போனோம். நான் பழக்கத்தில் முன்னால் போய் நாற்காலியில் உட்காரப் பார்த்தேன். இவர் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் போய் உட்கார்ந்தார். கையை நீட்டினார். கண்ணை மூடவில்லை. ஊசி ஏறுவதையும், ரத்தம் குழாயில் ஏறுவதையும் கடைசிவரை முறைத்துப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. லேப் பெண் அவர் பெயரை எழுதி ஒட்டுவதை நின்று பார்த்தார். என் ரத்தத்தை எடுத்து, என் பெயரையும் ஒட்டிப் பெட்டியில் வைக்கிற வரை தன்னுடைய ட்யூபைக் கையிலேயே பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கொடுத்தார். கொடுத்துவிட்டு அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். அந்தப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தாள்.

அன்றைக்கே எனக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். எனக்கு ஒரு கிட்னி சுண்டிப்போய் ரொம்பச் சின்னதாக இருந்தது. சின்ன வயசிலிருந்தே அப்படி இருந்திருக்கலாம் என்றார்கள். இருக்கிற இன்னொன்றுதான் இத்தனை காலம் இரண்டின் வேலையையும் ஒண்டியாகச் செய்து களைத்திருந்தது. ரத்த அழுத்தமும் ஏறிக் கிடந்தது, தலைவலி அதனால்தான். அந்தத் தலைவலிக்கு நான் அட்டை அட்டையாக விழுங்கிய மாத்திரை கிட்னிக்கு இன்னும் கெடுதல். ஸ்கேனைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர்தான் சென்னைக் காகிதம் வரட்டும், வரட்டும் என்றார்.

அந்த ஒரு வாரமும் அவர் பத்தியச் சோற்றை விடவில்லை. டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார், பலா பழுத்துத் தொங்குகிறது, ஒரு சுளை தொடவில்லை. உப்பில்லாத குழம்பைத் தனக்கே ஊற்றச் சொன்னார். தீர்ப்பு வரும்வரை தான்தான் நோயாளி என்று உட்கார்ந்திருந்தார். மாமியார் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, கறி எடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்கக்கூடப் பயந்துபோய் இருந்தார். பழம் வீணாகிறதே என்று நான் கேலியாகத்தான் ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் உப்பில்லாத குழம்பையே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

இரண்டாவது காகிதமும் முதல் காகிதம் சொன்னதையேதான் சொன்னது.

டாக்டர் எனக்குச் சொன்ன பத்தியம் சின்னது. உப்பைக் குறைக்க வேண்டும், அழுத்தத்துக்கு மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், தலைவலி மாத்திரையைத் தொடவே கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். முற்றிப்போவதற்கு முன்பே கண்டுபிடித்தாயிற்று, இப்படியே பார்த்துக்கொண்டால் மெஷின் பக்கம் போகாமலே ரொம்ப காலம் ஓட்டலாம், உங்களைத்தான் அம்மா யாரும் சந்தேகப்பட்டே இருக்கமாட்டார்கள், எப்படித் தப்பித்தீர்கள் பாருங்கள் என்றார். பலாவையும் வாழையையும் அவர் விலக்கவே இல்லை. ஆனால் வீட்டில் என் டாக்டர் வேறொருவர். தன் பத்தியம் முழுவதையும் அப்படியே எடுத்து என் தலையில் வைத்தார். மரவள்ளியை இரண்டு தண்ணீரில் வேகவைத்தார், அதுவும் தன் கையால். ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார், அது அவருக்கு ரொம்பச் சுலபம். பலா மாதத்தில் வேலி தாண்டிப் போய்ச் சுளை தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறவள் இப்போது நான். மரத்தடியில் நடந்து வந்தேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

இருபது வருஷம் ஆகிவிட்டது. மெஷின் பக்கம் இன்னும் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேலத்துக்குப் போகிறோம். வளைவுகளில் எனக்கு வாந்தியும் குறையவில்லை. லேபில் முதலில் அவர் கை, பிறகுதான் என் கை. எழுதிக்கொடுத்திருக்கிறார்களா இல்லையா என்று அவர் பார்ப்பதில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. அவரைப் பார்த்ததும் இன்னொரு ட்யூபை எடுத்து வைத்துவிடுவார்கள்.

போன தடவை அந்த டாக்டர், இப்போது அவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது, இவரைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்குத்தான் ஒன்றுமில்லையே, எதற்கு ஒவ்வொரு தடவையும் குத்திக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்.

பஞ்சை அழுத்திக்கொண்டே இவர் சொன்னார்: "ஏணி புடிக்கறவன் மொதல்ல கால் வெச்சுப் பாக்கோணுமுங்க. அப்பறந்தானுங்க அவள ஏத்தி உடறது."

நான் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவர் எனக்குப் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்குத் தெரியும். அவருக்காக நான் அத்தனை வருஷம் மூங்கிலைப் பிடித்த பிடி.

பஸ் ஏறி ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டுதானே இன்றைக்குக் கொடுத்தீர்கள் என்று. இல்லவே இல்லை என்றார். நான் பார்த்தேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.